அக்காவுக்கு ஒரு கட்டில் பார்த்தேன்

கப்பல் ஏணியடியில் நின்று ஏறுகிறவர்களின் தலையை எண்ணுவது என் உத்தியோகம். எண்ணிக்கை சரியாக இருக்கும்வரை இப்படி ஒருத்தன் அங்கே நிற்கிறான் என்பதே யாருக்கும் தெரியாது.

போர்ட் பிளேரிலிருந்து மற்றத் தீவுகளுக்குப் போகும் கப்பல்களில் இருபத்தாறு வருஷமாக இதைச் செய்துவருகிறேன். கையில் ஒரு கிளிக்கர். ஒரு தலைக்கு ஓர் அமுக்கு. எல்லாரும் ஏறியபின் கிளிக்கரில் இருக்கும் எண்ணும் பயணிகள் பட்டியலில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் ஏணியைத் தூக்கலாம். இதைவிடச் சுலபமான வேலை அரசாங்கத்தில் கிடையாது என்பாள் என் மனைவி செல்வி. அவள் பள்ளிக்கூட டீச்சர். எண்ணி முடிப்பதற்குள் இடம் மாறி உட்காரும் பிள்ளைகளோடு மாரடிக்கிறவள், சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

போன வருஷம் என் அக்காவுக்காக மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களைத் தேடி அலைந்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், கேஸ் அடுப்பை ஒரு நாளில் எத்தனை தடவை எழுந்துபோய்ப் பார்ப்பீர்கள், வாசல் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு எப்படி ஓடுவீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அப்படி யாரும் இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களும் சும்மா படித்து வைத்துக்கொள்ளட்டும்.

ஒன்று கூடுதல்

அக்கா முத்துலட்சுமி என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து ரோடு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர் எங்கள் அப்பா. அம்மா போனபின் என்னை வளர்த்தது அக்காதான். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் முப்பத்துமூன்று வருஷம் ஆயாவாக இருந்தாள். கல்யாணப் பேச்சை யாரையும் எடுக்க விட்டதில்லை. ரிட்டையர் ஆனபிறகு லம்பா லைன் பகுதியில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். மூன்று வருஷமாக மறதி. டாக்டர் பரீட்சை வைத்தபோது இது எந்த ஊர் என்று கேட்டார். அக்கா போர்ட் பிளேர் என்றாள். ஊர்ப் பெயரைத்தான் மாற்றிவிட்டார்களே, இதற்கு மார்க் போடுவதா வேண்டாமா என்று அந்த இளம் டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த விஷயத்தில் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடல் சரியில்லை என்று காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டிய திக்லிபூர் கப்பலைப் பத்து மணிக்குத் தள்ளியிருந்தார்கள். காத்துக் காத்துச் சலித்த கூட்டம் முண்டியடித்துக்கொண்டு ஏறியது. பட்டியலில் முந்நூற்றுப் பதினெட்டுப் பேர். கிளிக்கரில் முந்நூற்றுப் பத்தொன்பது. உள்ளே போய், பயணிகள் படுக்கும் பங்க் ஒவ்வொன்றாக மறுபடி எண்ணினேன். அதே முந்நூற்றுப் பத்தொன்பது. குறைவது சகஜம், டிக்கெட் எடுத்துவிட்டு வராமல் போகிறவர்கள் உண்டு. கூடுவது எனக்கு அதுவரை நடந்ததில்லை. கப்பலில் மாலுமிகளுக்கெல்லாம் மூத்தவரான போஸன் அப்துல் பாய் கீழ்த்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பங்க் வரிசையின் கோடியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் யாரோ ஒரு பெங்காலிப் பெண்ணின் குழந்தை. அதன் நெற்றியில் ஈரத்துணியை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். செல்வி துணி காயப்போட மாடிக்குப் போன நேரத்தில் தெருவில் இறங்கியிருக்கிறாள். தெரிந்த ஆட்டோக்காரர், தம்பி டூட்டியில் இருக்கிறான் என்று அவள் சொன்னதை நம்பி கப்பல் ஜெட்டியில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். ஜெட்டி வாசலில் அழுதுகொண்டிருந்த அந்தக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் குடும்பத்தோடேயே உள்ளே வந்துவிட்டாள். என்னைத் தாண்டித்தான் ஏணியில் ஏறியிருக்கிறாள். நானே அமுக்கி எண்ணியிருக்கிறேன். தலையை எண்ணுகிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

அக்கா என்று கத்தினேன். அவள் உதட்டில் விரலை வைத்து, "ஷோர் மத் கரோ, பச்சா ஸோ ரஹா ஹை" என்று என்னை அதட்டினாள். குழந்தை தூங்குகிறதாம், நான் சத்தம் போடக் கூடாதாம். ஏணியை மறுபடி இறக்கச் சொல்லி அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தேன். கப்பல் புறப்பட்டிருந்தால், அவள் மேல்தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்திருந்தால் என்று ஒரு நினைப்பு தொடங்கும். இன்றுவரை அதை முழுக்க நினைத்து முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். செல்வியிடமிருந்து பதினோரு அழைப்புகள். அப்துல் பாய் என் தோளில் கைவைத்துச் சொன்னார்:

"ஒண்ணு குறைஞ்சா நாம தேடுவோம் சார். ஒண்ணு கூடிடுச்சுன்னா, வேற யாரோ எங்கயோ தேடிட்டிருக்காங்கன்னு அர்த்தம்."

காலம் இல்லாத உறவு

அடுத்த வாரமே மாற்றல் ஆர்டர் வந்தது. கார் நிக்கோபார் தீவு, இரண்டு வருஷம், நாற்பது நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அக்காவைக் கூட்டிக்கொண்டு போகலாமே என்பீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளை ஒரு முழுப் பயணத்துக்குக் கப்பலில் ஏற்றுவதை நினைத்தாலே எனக்குக் கை வேர்க்கும். அங்கே போனபிறகு அவளுக்கு ஏதாவது ஒன்றென்றால் மறுபடி கடலைத் தாண்டித்தான் வர வேண்டும். இங்கேயே விட்டுப் போனால் செல்வி பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் யார் பார்ப்பது? வேலைக்கு வைத்த இரண்டு பெண்களும் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆக, நாற்பது நாளுக்குள் அக்காவை ஒப்படைக்க எனக்கு ஓர் இடம் வேண்டும். தப்பான இடத்தில் விட்டுவிட்டேன் என்றால் அதைச் சொல்லக்கூட அவளுக்குத் தெரியாது. இதுதான் என் பயம்.

மாற்றலை ஒரு வருஷம் தள்ளிவைக்கச் சொல்லி ஆபீசில் மனு கொடுத்தேன். சூப்பரின்டெண்ட் நல்ல மனிதர். மனுவை இரண்டு தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு ஃபார்மைத் திருப்பி, உறவுமுறை எழுதும் கட்டங்களை எனக்குக் காட்டினார்.

"அப்பா அம்மான்னா எழுதலாம்ப்பா, பொண்டாட்டி பிள்ளைன்னா எழுதலாம். அக்காவுக்கு இதுல காலமே இல்லையே."

யாரும் ஓடாத வீடு

முதலில் பார்த்தது போர்ட் பிளேரிலேயே ஒரு மாடி வீடு. ஆறு பேரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் ஓர் அம்மாள். கலகலப்பானவர், வாய் நிறைய பாயி சாப், பாயி சாப் என்று கூப்பிட்டார். தரை பளபளவென்று இருந்தது. பினாயில் வாசனை தூக்கியடித்தது. ஆறு பேரும் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவி அணைந்திருந்தது. வராந்தா முழுக்கக் கம்பி. மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு கிரில் கேட், அதில் என் உள்ளங்கை அளவுக்குப் பூட்டு.

அந்தப் பூட்டைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். இதைத் தாண்டி அக்கா எங்கே போவாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் கப்பல்காரன் புத்தி விழித்துக்கொண்டது. தீப்பிடித்தால் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன். சமையல் செய்கிற அம்மாவிடம் என்றார். அவர் எங்கே என்றேன். மதியச் சமையலை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் வந்துவிடுவார் என்றார். அதுவரைக்கும் என்று இழுத்தேன். அதுவரைக்கும் என்ன ஆகிவிடப்போகிறது என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். எங்கள் பேச்சைக் கேட்டு அந்த ஆறு பேரில் ஒருவர் எழுந்து வந்து கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் கப்பல்களில் குறைகளை எழுதிவைக்க ஒரு பதிவேடு உண்டு. சோதனைக்கு வரும் அதிகாரிக்கு, குறை நிறைய எழுதிய பதிவேட்டைப் பார்த்தால் கவலை வராது. ஒன்றுமே எழுதாத பதிவேட்டைப் பார்த்தால்தான் லைஃப் ஜாக்கெட்டை எல்லாம் வெளியே எடுத்துப் போடச் சொல்வார். அந்த வீட்டுப் படியில் இறங்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. மேலேயிருந்து அந்த அம்மாள் பெருமையோடு குரல் கொடுத்தார்:

"பத்து வருஷமா நடத்தறேன், இங்கேருந்து ஒருத்தர்கூட வெளிய போனதில்ல, பாயி சாப்."

எல்லாம் இருக்கு சார்

செல்வி உட்கார்ந்து ஒரு நோட்டில் கேள்விகள் எழுதிக் கொடுத்தாள். மொத்தம் நாற்பத்திரண்டு. ராத்திரியில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள், சாப்பிட மறுத்தால் என்ன செய்வார்கள், குளிக்கவைப்பது ஆணா பெண்ணா, விழுந்தால் எங்களுக்கு எப்போது சொல்வார்கள், தூங்க மருந்து கொடுப்பார்களா, கொடுத்தால் யாரைக் கேட்டு. டீச்சர் எழுதியது என்பதால் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் சரி, தவறு போடக் கட்டம் வேறு.

கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் ஒரு பெரிய இல்லத்துக்குப் போன் போட்டேன். மேனேஜர் என்று ஒருவர் பேசினார், நல்ல பணிவு. முதல் பத்துக் கேள்விக்கும் இருக்கு சார், பண்றோம் சார் என்றார். மனசு குளிர்ந்துபோயிற்று. இருபதாவது கேள்விக்கும் இருக்கு சார். முப்பது தாண்டும்போது எனக்குச் சந்தேகம் தட்டியது, ஏனென்றால் கேள்வியை நான் முடிக்கும் முன்பே பதில் வந்துகொண்டிருந்தது. நாற்பத்திரண்டும் முடிந்தது. நோட்டில் இல்லாத ஒன்றை நானாகக் கேட்டேன்: உங்கள் இடத்தில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா?

"எல்லாருக்கும் இருக்கு சார், எக்ஸ்ட்ராவும் வாங்கி வச்சிருக்கோம்."

இருநூற்றுப் பன்னிரண்டு

இது இல்லத்தைப் பற்றியது இல்லை, என்னைப் பற்றியது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். நீங்களும் நடுராத்திரியில் எழுந்து பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறவராக இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். ஒரு நாள் ஏணியடியில் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இருநூற்றுப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அடுத்து என்ன? வரவில்லை. ஆட்கள் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள், என் விரல் தானாக அமுக்கிக்கொண்டே இருக்கிறது, அடுத்த எண் வரவில்லை. அக்காவுக்கு ஆரம்பித்த மாதிரியே எனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு யார் நோட்டுப் போட்டுக் கேள்வி எழுதப்போகிறார்கள் என்று தோன்றியது. அப்துல் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து, விஷயத்தைக் கேட்டு, என் கையில் இருந்த கிளிக்கரைத் தட்டிக் காட்டினார்.

"அதுதான் எண்ணுதே சார், நீங்க எதுக்குத் தனியா எண்ணுறீங்க?"

தாய்மொழி

தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். வயதானவர்களுக்கு மறதி வந்தால் மற்றதெல்லாம் போய்த் தாய்மொழி மட்டும்தான் மிஞ்சும், ஆகவே தமிழ் பேசுகிற இடத்தில் விடு, மெயின்லேண்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. எனக்கும் சரியென்று பட்டது. சென்னைக்கு வெளியே ஓர் இல்லத்தில் மூன்று நாள் தங்கவைத்துப் பார்க்கலாம் என்றார்கள். லீவு போட்டு அக்காவை விமானத்தில் கூட்டிக்கொண்டு போனேன். இடம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. தோட்டம், காற்று, கைப்பிடி வைத்த நடைபாதை. தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவது என்று சுவரில் படமே மாட்டியிருந்தார்கள். நிர்வாகி அம்மாள் அருமையான தமிழில் பேசினார். சேர்க்கும் ஃபார்மை நான்தான் நிரப்பினேன். தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். செல்வியின் நோட்டில் முப்பத்தெட்டுக் கட்டங்களில் சரி போட்டேன்.

இரண்டாம் நாள் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி முன்னதாகப் போனேன். அக்கா நாற்காலியில் இருந்தாள். இடுப்பைச் சுற்றி ஒரு துணிப்பட்டை, நாற்காலியின் பின்னால் முடிச்சு. அவள் அதை அவிழ்க்கப் பார்க்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. வீட்டில் இரண்டு தாழ்ப்பாளைத் திறக்கத் தெரிந்தவள், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் ஓடிவந்து விளக்கம் சொன்னார். அக்கா காலையிலிருந்து ஒவ்வொரு கட்டிலாகப் போய் எல்லாருடைய போர்வையையும் இழுக்கிறாளாம். என்ன வேண்டும் என்று கேட்டால் வாயில் வருவது ஒன்றும் புரியவில்லையாம். பேச்சு போய்விட்டது என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். அக்காவிடம் குனிந்தேன். மெல்லிய குரலில், தெளிவாக, இந்தியில் பேசினாள். அந்தமானில் எல்லாரும் பேசுகிற அந்தக் கலவை இந்தி. இது இந்தி அம்மா என்று நர்ஸிடம் சொன்னேன். ஏதோ இந்தி மாதிரி இருக்கிறதே என்று அவருக்கும் பட்டதாம். "நீங்கதானே சார் தமிழ்னு எழுதிக் கொடுத்தீங்க" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். கப்பலில் என்னை அதட்டியது இந்தியில். செல்வியிடம் தண்ணீர் கேட்பது இந்தியில். எத்தனை மாதமாக என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிக்காதவர் யார்? அதனால் அவளிடமிருந்து தமிழ் கழன்று போனதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் ஆயுசில் பாதி வார்டில் கழிந்தது, வார்டில் பேசியது இந்தி. என்னை வளர்த்த தமிழைத்தான் முதலில் தொலைத்திருக்கிறாள். இது நோயில் நடப்பதுதான் என்று டாக்டர் பின்னால் சொன்னார். அந்த நிமிஷம் நடைபாதையில் நின்றபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருஷம் கார் நிக்கோபாரில் உட்கார்ந்துகொண்டு, அக்காவை நல்ல தமிழ் இடத்தில் விட்டிருக்கிறேன் என்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். இவள் இங்கே நாற்காலியில் கட்டிப்போட்டபடி பேசிப் பேசி ஓய்ந்துபோயிருப்பாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். ஜார்க்கண்டுப் பக்கமாம், வந்து ஒரு வருஷம் ஆகிறதாம். முடிச்சை அவிழ்க்க எனக்கு உதவினாள். அக்கா ஒவ்வொரு கட்டிலிலும் நின்று போர்வையைச் சரிசெய்துவிட்டு, இவர்கள்கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாளாம். குழந்தைகள் வார்டில் புதிதாக ஒரு பிள்ளை வந்தால் அக்காவின் முதல் கேள்வி எப்போதும் அதுதான். இத்தனையும் உனக்குப் புரிந்திருக்கிறதே, ஏன் சொல்லவில்லை என்றேன்.

"அம்மா நல்லாதான் பேசுது சார். நம்பள யாரும் கேக்கல."

ரவுண்ட்ஸ்

ஊர் திரும்பியபோது பன்னிரண்டு நாள் பாக்கி. போர்ட் பிளேரை ஒட்டிய மேட்டில் ரிட்டையர்ட் நர்ஸ் ஒருவர் பத்துக் கட்டில் போட்டு ஓர் இல்லம் நடத்துவதாக அந்தத் தெரிந்த ஆட்டோக்காரர் சொன்னார். தகரக் கூரை, ஈரம் ஏறிய சுவர், தோட்டம் கிடையாது. நடத்துகிறவர் தெலுங்குக்காரர், எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். இந்தத் தடவை நோட்டை வீட்டில் வைத்துவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். சிஸ்டரிடம் என் முதல் கேள்வி, இங்கிருந்து யாராவது வெளியே போயிருக்கிறார்களா என்பது. போன மழைக்காலத்தில் ஒருவர் போய்விட்டார் என்றார் தயங்காமல். இரண்டு மணி நேரம் தேடினார்களாம், பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாராம். கேட்டில் மணி கட்டியது அதற்குப் பிறகு, பகலில் வாசலில் ஓர் ஆள் உட்காருவதும் அதற்குப் பிறகு. கேட்டபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் குறை எழுதிய பதிவேட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே நடந்துவிட்டாள். தடுக்கப் போன என்னை சிஸ்டர் இருங்கள் என்று நிறுத்தினார். அக்கா முதல் கட்டிலில் போர்வையை இழுத்துவிட்டாள். இரண்டாவதில் தலையணையைத் திருப்பிப் போட்டாள். மூன்றாவதில் விரிப்பை முகர்ந்து பார்த்து, உதவிக்கு இருந்த பெண்ணை இந்தியில் ஒரு பிடி பிடித்தாள். அந்தப் பெண் ஜீ தீதி, சரி அக்கா என்று சொல்லிவிட்டு உடனே வேறு விரிப்பு எடுத்து வந்தாள். ஐந்தாவது கட்டிலில் அசையாமல் படுத்திருந்த ஒரு பெரியவரின் முதுகுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்த அக்கா, திரும்பி சிஸ்டரைக் கூப்பிட்டாள். இடுப்பருகே சிவந்திருந்தது, புண்ணாகவில்லை. சிஸ்டரின் முகம் சுருங்கியது. காலையிலிருந்து இவரைத் திருப்பிப் போடவில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி, மூன்று பேருமாக அவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்தார்கள். மூன்றாவது ஆள் என் அக்கா.

எனக்கு என்ன முடிவெடுப்பது என்று தெரியவில்லை. என் கண்ணெதிரே ஒரு தப்பு நடந்திருக்கிறது. நாளைக்கு அதே தப்பு அக்காவுக்கும் நடக்கலாம். ஆனால் அவள் சொன்னதை இங்கே பேச்சு என்று எடுத்துக்கொண்டார்கள், கேட்டார்கள், செய்தார்கள். வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். அக்கா சிஸ்டரிடம் வந்து, தன் டூட்டி எப்போதிலிருந்து என்று விசாரித்தாள். நான் குறுக்கே விழுந்து, அக்காவுக்கு வேலை முடிந்து எட்டு வருஷம் ஆகிறது என்று விளக்கப் போனேன். சிஸ்டர் கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டு, அக்காவிடம் இந்தியில் சொன்னார்:

"காலையில் ஆறு மணிக்கு வந்துரணும் ஆயா, லேட் ஆகக் கூடாது."

கூட வந்தவர்

கார் நிக்கோபார் கப்பலுக்கு முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு அக்காவைப் பார்க்கப் போனேன். சேர்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஜன்னலோரக் கட்டில். காலையில் ஆறு மணிக்கு எழுந்து உதவிக்கு இருக்கும் பெண்ணோடு ரவுண்ட்ஸ் போகிறாள், மதியம் அசந்து தூங்குகிறாள் என்றார்கள். ஒரு நாள் சாயங்காலம் கேட்டுவரை போய் மணியை அடித்துவிட்டிருக்கிறாள், வாசல்காரர் திருப்பிக் கூட்டிவந்திருக்கிறார். அதையும் சிஸ்டர் மறைக்காமல் சொன்னார். செல்வி வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு. எல்லாம் சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். கட்டிலருகில் போய் நின்றேன்.

போய்ட்டு வரேன்க்கா என்றேன். தமிழில் சொன்னேன், பழக்க தோஷம். அவள் புரியாமல் பார்த்தாள். இந்தியில் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அக்காவிடம் இந்தியில் விடைபெற்று எனக்குப் பழக்கமில்லை. அவள் எழுந்து வந்தாள். புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள், கழுத்தில் வைத்துப் பார்த்தாள். நான் யார் என்பது அவளுக்குத் தெரியவில்லை, அந்தக் கண்ணில் அது நன்றாகத் தெரிந்தது. என் கையைப் பிடித்துத் தன் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு சிஸ்டர் பக்கம் திரும்பினாள். கேட்டது இந்தியில்தான், நான் தமிழில் எழுதுகிறேன்:

"இந்தப் பிள்ளை ரொம்பப் பயந்துபோயிருக்கு சிஸ்டர். இதுகூட யார் வந்திருக்காங்க?"

முந்நூறு தலையில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று இருபத்தாறு வருஷமாக மார்தட்டிக்கொண்டிருந்தேன். ஒருத்தன் துணையில்லாமல் வந்து நிற்கிறான் என்பதைக் கண்டுபிடிக்க, எண்ணவே மறந்துபோன என் அக்காதான் வேண்டியிருந்தது.